டீசல் வரியை மலையில் யார் கட்டுகிறார்கள்?

டீசல் விலை ஏறினால் விலைவாசி ஏறும் என்பதை நம் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது எல்லாக் கட்சிகளும் சொல்லும். தக்காளி, வெங்காயம், பால், பஸ் டிக்கெட் என்று பட்டியல் நீளும். நகரத்தில் இருந்துகொண்டு வாங்கித் தின்கிற நமக்கு விலைவாசி என்றால் நாம் கொடுக்கிற விலை. டீசல் வரியின் கதையில் அது பாதிதான். விற்கிறவர் கையிலிருந்து சத்தமில்லாமல் கழிந்துபோகும் பணம் மறுபாதி. அதைப் பார்க்க வேண்டுமானால் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏற வேண்டும்.

மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை விளைவிக்கிறார்கள். கடுக்காய், புளி, தேன் சேகரிக்கிறார்கள். ஆனால் கையில் காசு புரளவைக்கும் பயிர் மரவள்ளிக் கிழங்கு. அது போய்ச் சேரும் இடம் சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து சேகோ ஆலைகளும் ஸ்டார்ச் ஆலைகளும். மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் பார்த்து ஆலைக்காரர் விலை வைக்கிறார். அந்த விலையிலிருந்து லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு எல்லாம் கழிந்து மிச்சம் எவ்வளவோ அதுதான் கிழங்கு பிடுங்கியவருக்கு. ஆலை வாசலில் எல்லோருக்கும் ஒரே விலை. ஆத்தூர்க்காரருக்குக் கழிவு குறைவு, சேராப்பட்டுக்காரருக்குக் கழிவு அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதுதான் எல்லாமும். பிடுங்கிய கிழங்கை வீட்டில் வைத்துக்கொண்டு பேரம் பேசவும் வழியில்லை. இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போகும்.

பாடப்புத்தகம் ‘மறைமுக வரி நுகர்வோர் தலையில் விழும்’ என்று சொல்லிக்கொடுக்கும். அது முழு உண்மை இல்லை. சங்கிலியில் யாரால் ‘முடியாது’ என்று சொல்ல முடியாதோ அவர் தலையில் விழும். டீசல் ஏறினால் ஆலைக்காரர் கிழங்கு விலையைக் கூட்ட மாட்டார். அவருக்கு வட இந்தியச் சந்தையில் ஜவ்வரிசி விலை என்னவோ அதுதான் கணக்கு. லாரிக்காரர் வாடகையைக் கூட்டுவார், கூட்டாவிட்டால் தவணை கட்ட முடியாது. நடுவில் இருக்கும் தரகர் தன் பங்கை விட மாட்டார். கடைசியில் மலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் மிச்சம் சுருங்கும். அதே மனிதர் உப்பும் எண்ணெயும் சோப்பும் உரமும் வாங்கும்போது, மலையேறி வந்த வாடகையும் சேர்த்தே விலை கொடுக்கிறார். விற்கும்போது ஒரு தடவை, வாங்கும்போது ஒரு தடவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 மார்ச்சில் விலையை 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 92 ரூபாய் சொச்சம். அதில் ஒன்றிய அரசின் வரி 15 ரூபாய் 80 காசு. தமிழ்நாட்டு அரசின் வாட் வரி 11 விழுக்காடும், அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். சேர்த்தால் ஏறக்குறைய 18 ரூபாய். ஆக லிட்டருக்குச் சுமார் 34 ரூபாய் வரி. அடிவாரத்திலிருந்து 15 டன் கிழங்கு ஏற்றிய லாரி சேலத்துக்குப் போய்த் திரும்ப 200 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் டீசல், 1,700 ரூபாய் வரி. டன்னுக்கு 113 ரூபாய். கிலோவுக்குப் பதினோரு காசு.

பதினோரு காசுதானே என்று தோன்றும். தொலைக்காட்சி விவாதங்களில் பொருளாதார நிபுணர்கள் இப்படிக் கிலோவுக்கு வகுத்துக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கு அடிவாரத்தில் தொடங்குகிறது என்பதுதான் கோளாறு. லாரி ஏறமுடியாத உள்கிராமத்திலிருந்து கிழங்கு முதலில் பிக்கப் வண்டியில் இறங்கியாக வேண்டும். ஒன்றரை டன் ஏற்றிய வண்டி, மலைப்பாதையில் போகவர 80 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் 10 லிட்டர் டீசல். வரி 340 ரூபாய். அதை ஒன்றரை டன்னுக்கு வகுத்தால் டன்னுக்கு 227 ரூபாய். நான்குவழிச் சாலையில் 200 கிலோமீட்டருக்கு விழுகிற வரியைப்போல் இரண்டு மடங்கு, மலையில் இறங்கும் 80 கிலோமீட்டருக்கு விழுகிறது. டீசல் வரி என்பது தூரத்தின் மீதும், மோசமான சாலையின் மீதும், சின்ன வண்டியின் மீதும் போடுகிற வரி. யாரை ஊருக்கு வெளியே, மலைக்கு மேலே, சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் வைத்திருக்கிறோமோ அவர்களே அதிக விகிதத்தில் கட்டுகிறார்கள்.

இரண்டையும் கூட்டினால் டன்னுக்கு 340 ரூபாய். மானாவாரியில் ஏக்கருக்கு எட்டு டன் கிழங்கு எடுக்கும் குடும்பத்துக்கு 2,720 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் ஊதியம் 319 ரூபாய். எட்டரை நாள் கூலி. இது வரி மட்டும். டீசலின் முழு விலையைச் சொல்லவில்லை. வாடகையில் அடங்கிய டயர், தவணை, இன்சூரன்ஸ், சுங்கம் எதையும் சொல்லவில்லை. இந்தக் குடும்பம் எந்த வருமான வரிக் கணக்கிலும் இல்லை. ‘வரி கட்டுகிற நடுத்தர வர்க்கத்தின் பணத்தில் இலவசம்’ என்று புலம்புகிற வாட்ஸ்அப் செய்திகளில், இவர்கள் வாங்கித் தின்கிற கூட்டம்.

வரி இப்படி வீங்கியது ஒரே நாளில் நடந்ததல்ல. 2014இன் தொடக்கத்தில் டீசல் மீதான ஒன்றிய கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. அந்த ஆண்டு அக்டோபரில் டீசல் விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டோம் என்றார்கள். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்தபோது, விலை குறைந்து மக்களுக்கு வந்திருக்க வேண்டும். 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் ஒன்பது முறை வரியைக் கூட்டி அந்தச் சரிவை ஒன்றிய அரசு தன் பைக்குள் போட்டுக்கொண்டது. 2020இல் கொரோனா ஊரடங்கில் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்தது. மே மாதத்தில் ஒரே இரவில் டீசலுக்கு 13 ரூபாய் கூட்டினார்கள். 3 ரூபாய் 56 காசு 31 ரூபாய் 83 காசு ஆனது. கூலித் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்த அதே மாதம். 2022 ஏப்ரலில் சென்னையில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டி நின்றது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் செய்த குறைப்புகளைப் பெரிய கொடையாக விளம்பரப்படுத்தினார்கள். அந்தக் குறைப்புக்குப் பிறகும் வரி 2014இல் இருந்ததைப்போல் நான்கு மடங்குக்கு மேல்.

இந்த வரியின் பெயர்களையும் பார்க்க வேண்டும். அடிப்படைக் கலால் வரி, சிறப்புக் கூடுதல் வரி, சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ், வேளாண் உள்கட்டமைப்பு செஸ். இதில் மாநிலங்களோடு பகிர வேண்டியது அடிப்படைக் கலால் வரி மட்டும். டீசலில் அது 1 ரூபாய் 80 காசு. மிச்சம் முழுவதும் ஒன்றிய அரசுக்கே. 15ஆவது நிதிக்குழுவின்படி அந்த 1.80இல் 41 விழுக்காடு, அதாவது 74 காசு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு: மூன்று காசு. 2020-21இல் பெட்ரோலியப் பொருட்களிலிருந்து ஒன்றிய அரசு வசூலித்த கலால் வரி சுமார் 3.72 லட்சம் கோடி ரூபாய் என்றும், மாநிலங்களுக்குப் பகிர்ந்தது 20,000 கோடிக்கும் சற்றுக் குறைவு என்றும் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ‘சாலை செஸ்’ என்று வாங்கிக்கொண்டு, உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போவதற்குள் வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி என்று மூன்று இடத்தில் சுங்கமும் வாங்குகிறார்கள். மலைக்குள் போகிற சாலைக்கு மட்டும் பணம் இல்லை.

இதே காலத்தில் மேலே என்ன நடந்தது? 2015 பட்ஜெட்டில் சொத்து வரி ஒழிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைந்தது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. எட்டு மாதம் கழித்து டீசல் வரியை ஏற்றினார்கள்.

அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிடுகிற பழக்கம் நம்மிடமும் உண்டு. அவர் கொலம்பியாவில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றியது; 1925இல் நூலாக வந்தது. மத்திய அரசும் மாகாணங்களும் வருவாயை எப்படிப் பிரித்துக்கொண்டன என்பதுதான் அதன் பொருள். 1927இல் பம்பாய் சட்டமன்றக் கவுன்சிலில் பட்ஜெட் விவாதத்தில் பேசும்போது நிலவரியை எடுத்துக்கொண்டார். வருமான வரி என்றால் ஓரளவுக்கு மேல் சம்பாதித்தவர்தான் கட்டுகிறார், சம்பாதிக்காத ஆண்டில் கட்டுவதில்லை. நிலவரி மட்டும் விளைந்தாலும் விளையாவிட்டாலும், பெரிய பண்ணையானாலும் துண்டு நிலமானாலும் எல்லோரிடமும் வாங்கப்படுகிறது, இது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. டீசல் வரிக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். நிலவரிக்காவது தண்டோரா போட்டு வந்து கேட்டார்கள். இது வாடகைக்குள் ஒளிந்து வருகிறது. யாரிடம் போய் மனுக் கொடுப்பது?

லாரிச் சங்கிலிக்குள் வருவோம். 2018 ஜூலையில் நாடு முழுவதும் லாரி உரிமையாளர்கள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவா, சுங்கச்சாவடியை எடு என்பவை கோரிக்கைகள். நியாயம் இருக்கிறது. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அதில் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. வரி வாடகையில் தங்கி, பொருளின் விலையில் ஏறி, அதன் மீது இன்னொரு வரியும் விழும். நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒன்றிரண்டு லாரி வைத்துக்கொண்டு தானே ஓட்டுகிறவர்களின் நிலை உண்மையிலேயே மோசம். ஆனால் லாரி ‘தொழில்’ என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அடைத்துவிட முடியாது. வண்டிக்குக் கடன் வாங்கப் பிணையாக நிலம் வேண்டும், ஜாமீன் போட ஆள் வேண்டும், ஃபைனான்ஸ்காரருக்குச் சொந்தக்காரர் தெரிந்திருக்க வேண்டும். நிலமும் சொந்தமும் யாரிடம் இருக்கிறது என்பது சாதி எழுதிய கணக்கு. உங்கள் ஊர் லாரிப் பட்டறையில் நின்று எண்ணிப் பாருங்கள்: ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர் யார், ஸ்டீயரிங் பிடிப்பவர் யார், முதுகில் மூட்டை தூக்குபவர் யார். உரிமையாளருக்கு வாடகையைக் கூட்டும் சங்கம் இருக்கிறது. ஓட்டுநரின் பேட்டா டீசலோடு சேர்ந்து ஏறுவதில்லை. டீசல் ஏறிய மாதம் குறைவது முதலில் கிளீனர். ஓட்டுநரே கிளீனர் வேலையும் பார்த்துக்கொண்டு இரவு முழுக்க ஓட்டுகிறார். சுமை தூக்குவோருக்கு 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, நலவாரியம் இருக்கிறது. மூட்டைக்கு எவ்வளவு கூலி என்பதை அந்தச் சட்டம் வந்து பேசித் தருவதில்லை.

வரி குறைந்தால் இவர்களுக்கு வந்து சேருமா? அதுவும் இல்லை. 2018 ஜனவரியில் டீசல் செலவையும் காரணம் காட்டி அரசுப் பேருந்துக் கட்டணத்தை ஏற்றினார்கள். 2022 மே மாதத்தில் சென்னையில் டீசல் ஏறக்குறைய ஏழு ரூபாய் குறைந்தபோது எந்தக் கட்டணமும் இறங்கியதாக நினைவில்லை. ஏறும்போது நூல் பிடித்தாற்போல் கீழே வரும் பாரம், இறங்கும்போது நடுவழியில் யாரோ ஒருவரின் லாபமாக நின்றுவிடுகிறது. ஆகவே ‘வரியைக் குறை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிற முழக்கம், மலைக்காரருக்குப் போதாது.

மாநில அரசையும் விட்டுவிட முடியாது. 2020 மே மாதம் அன்றைய அதிமுக அரசு வாட் முறையை மாற்றி, லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான ஒரு தொகையையும் சேர்த்தது. 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றது திமுக. ஆகஸ்டு பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றார்கள். டீசலைத் தொடவில்லை. பைக்கில் போகிறவர் பம்ப்பில் நின்று பெட்ரோல் விலையைப் பார்க்கிறார், வாக்கும் போடுகிறார். டீசல் விலை கிழங்கு மூட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. மாநிலத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தானே விகிதம் வைக்கக்கூடிய பெரிய வரிகளில் மிஞ்சியவை எரிபொருளும் மதுவும்தான். பத்திரப்பதிவும் வாகன வரியும் அடுத்து. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பெட்ரோல், டீசலைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தபோது மாநிலங்கள் ஒன்றிய அரசோடு ஒத்துப்போனதற்கு அதுவே காரணம். காலை உணவுத் திட்டத்துக்கும் விடுதிகளுக்கும் அதிலிருந்துதான் பணம் வருகிறது. உண்மைதான். ஆனால் டாஸ்மாக்கும் டீசலும் யாருடைய பையிலிருந்து வருகின்றன? ஏழையிடம் வாங்கி ஏழைக்குக் கொடுத்துவிட்டு அதைச் சமூகநீதி என்று அழைப்பதில் எனக்கு உறுத்தல் இருக்கிறது.

மது என்றதும் கள்ளக்குறிச்சியில் நினைவுக்கு வருவது கருணாபுரம். 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள், அன்றாடக் கூலிகள். அவர்களைக் கொன்றது மலையில் காய்ச்சிய சாராயம் அல்ல, ஆலையில் தயாராகும் மெத்தனால். இருந்தும் பேச்சு முழுவதும் மலைப்பக்கம் திரும்பியது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை எங்கே, பேருந்து எங்கே, மருத்துவமனை எங்கே என்று அரசைக் கேட்டது. 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. ஜாகீர் போய் ஐம்பதாண்டு ஆகப்போகிற நேரத்தில் ஒரு நீதிமன்றம் பேருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

வாடகையைக் கூட்டினால் முதலில் கட்டுப்படியாகாமல் போவது எடை அதிகமும் விலை குறைவுமான சரக்கு: கிழங்கு, புளி, கடுக்காய். வாடகை எவ்வளவு ஏறினாலும் கட்டுப்படியாவது எடை குறைந்து விலை கூடிய சரக்கு. மலையிலிருந்து அப்படி இறங்கக்கூடிய ஒன்று கேனில் அடைத்த சாராயம். பைக்கே போதும். மலைக்காரர்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கிற போலீஸ் கோப்புகள் இந்தச் சரக்குக் கூலிக் கணக்கை ஒருபோதும் போட்டுப் பார்த்ததில்லை.

சூழலியல் நண்பர்கள் சிலர் டீசலுக்கு வரி கூடுதலாக இருப்பதே நல்லது என்பார்கள். மாற்று இருக்கிற இடத்தில் அது பொருந்தும். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பதினாறு கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு இழுத்த இழுப்பு ஊரறிந்தது. மலைக்கு ரயிலும் கிடையாது, மின்சார லாரியும் கிடையாது. புகையைக் குறைக்கச் சொல்லி முதலில் சேராப்பட்டிடம் கேட்பது எந்தச் சூழல் நீதி?

போக்குவரத்துச் செலவை அரசு ஏற்பது இந்த நாட்டில் புதிதல்ல. 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை இரும்பு, எஃகுக்குச் சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று ஒரு கொள்கை இருந்தது. ஜாம்ஷெட்பூரில் உருக்கிய எஃகு ஜாம்ஷெட்பூரில் என்ன விலையோ, சென்னையிலும் பம்பாயிலும் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்தது. தூரத்தின் செலவை எல்லோரிடமும் பரவலாக்கினார்கள். தொழிலதிபர்களுக்காகச் செய்தார்கள், கனிமம் கிடந்த பழங்குடி நிலங்கள் தம் ஒரே சாதகத்தை இழந்தன. தமிழ்நாட்டின் ஆலைகளும் அதில் பலன் பெற்றவைதான். ஆலைக்குத் தூரம் ஒரு பொருட்டாக இருக்கக் கூடாது என்று நாற்பது ஆண்டு செலவழித்த அரசு, மலையில் வாழும் மனிதருக்கு மட்டும் தூரத்தைத் தலைவிதி என்கிறது.

ரேசன் கடையைப் பாருங்கள். கள்ளக்குறிச்சி நகரத்தில் அரிசி என்ன விலையோ வெள்ளிமலையிலும் அதே விலை, அதாவது இலவசம். லாரி வாடகையை அரசு கொடுக்கிறது. டீசல் 60 ரூபாயாக இருந்தபோதும் 100 ரூபாயானபோதும் அந்த அரிசியின் விலை மாறவில்லை. ஏறுகிற சரக்குக்கு இது முடியுமென்றால் இறங்குகிற சரக்குக்கு ஏன் முடியாது? பழங்குடிகளுக்கென்றே லாம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன; சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் இருக்கிறது. லாம்ப்ஸ் மலையிலேயே பாயிண்ட் பார்த்து எடை போட்டு, அடிவாரம் வரையிலான வாடகையை அரசு ஏற்று, சமவெளி விலையைக் கையில் கொடுக்க வேண்டும். மலைப்பகுதிச் சரக்கு வண்டிகளிடம் வாங்கிய டீசல் வாட் வரியைக் கணக்கிட்டு அந்த நிதிக்குத் திருப்பிவிட்டாலே தொடங்கிவிடலாம். வண்டிக்காரருக்குக் கொடுத்தால் நடுவில் நின்றுவிடும். எடைச்சீட்டின் மீது விவசாயிக்கே கொடுக்க வேண்டும். ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியது வேறு: செஸ்களை அடிப்படைக் கலால் வரியாக மாற்று, மாநிலங்களுக்குப் பங்கு கொடு, சொத்து வரியைத் திரும்பக் கொண்டுவா.

அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கிடங்கு லாரி மாதாமாதம் மலையேறுகிறது. கீழே வரும்போது அதில் இடம் இருக்கிறது.